மாளிகைக்கு வந்த கவர்னஸ்: ஒரு காதல் கதையை எப்படி வாசிப்பது?

ஆதரவற்ற இளம்பெண் ஒருத்தி, குழந்தைக்குப் பாடம் சொல்லித்தரும் கவர்னஸாக ஒரு பெரிய மாளிகைக்கு வந்து சேர்கிறாள். அங்கே கடுகடுப்பான எஜமானரும் தாயில்லாக் குழந்தையும் இருக்கிறார்கள். நீண்ட தாழ்வாரத்தின் முடிவில் பூட்டிய அறை ஒன்றும் இருக்கிறது. பல இடர்களுக்குப் பிறகு அவள் அந்த எஜமானருக்கே மனைவியாகிறாள். 1847 அக்டோபரில் சார்லட் பிராண்டேயின் ‘ஜேன் அயர்’ வெளிவந்ததிலிருந்து இந்தக் கதையை ஆங்கில வாசகர்கள் தலைமுறைக்குத் தலைமுறை கேட்டு வாங்கிப் படித்துவருகிறார்கள். ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த ‘சாந்தி நிலையம்’ (1969) வழியாகத் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இது பழகிய கதைதான்.

இந்தக் கதை எதைச் சொல்கிறது? அன்றைய வாழ்வில் நடந்ததையா, நடக்க வழியில்லாததைப் பற்றிய ஏக்கத்தையா? ஏற்றத்தாழ்வை எதிர்க்கும் குரலா இது, அல்லது அதையே ஏற்றுக்கொள்ளச் செய்யும் சமாதானமா? 1848 முதல் இதற்குப் பல பதில்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் உண்மை கொஞ்சம் இருக்கிறது, விட்டுப்போனதும் இருக்கிறது.

இருபது பவுண்டு வேலை

முதலில் வேலையைப் பார்க்க வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கவர்னஸாக வந்தவர்களில் பலர் பாதிரியார், ராணுவ அதிகாரி, நொடித்துப்போன வணிகர் ஆகியோரின் மகள்கள். தந்தை இறந்தாலோ கடனில் மூழ்கினாலோ, மணமாகாத படித்த பெண் குடும்ப கௌரவம் குலையாமல் செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய இது ஒன்றுதான். 1851-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த கவர்னஸ்கள் சுமார் 25,000 பேர். வீட்டு வேலைக்காரப் பெண்களோ ஏழு லட்சத்துக்கும் மேல்.

சம்பளம் சொற்பம். ஆண்டுக்கு 20 முதல் 45 பவுண்டு என்பது பரவலான கணக்கு. சார்லட் பிராண்டே 1841-இல் ராடனில் ஒயிட் குடும்பத்தாரிடம் வேலைபார்த்தபோது ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டு. அதில் 4 பவுண்டைத் துணி வெளுக்கும் செலவுக்கென்று பிடித்துக்கொண்டார்கள். கையில் நின்றது 16. தன் கதாநாயகிக்கு அவர் 30 பவுண்டு கொடுத்தார்.

பணத்தைவிட இடம்தான் பெரிய சிக்கல். எம். ஜீன் பீட்டர்சன் 1970-இல் எழுதிய, இன்றும் அடிக்கடி எடுத்தாளப்படும் கட்டுரை இதை விளக்குகிறது. பிறப்பாலும் படிப்பாலும் எஜமானிக்குச் சமமானவள், கூலி வாங்குவதால் வேலைக்காரிக்குச் சமமானவள். விருந்தாளிகளோடு உட்கார முடியாது, சமையலறையில் உட்காரவும் கூடாது. எனவே குழந்தைகளோடு சாப்பிடுவாள். அவர்கள் தூங்கிவிட்டால் தனியாக. அவள் அறைக்குத் தட்டை மாடியேற்றிக்கொண்டு போகப் பணியாட்களே முகம் சுளித்தார்கள்.

ரிச்சர்ட் ரெட்கிரேவின் ஓவியம் இதைக் கண்முன் நிறுத்துகிறது. கறுப்பு உடையில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கையில் கறுப்புக் கரையிட்ட கடிதம், வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள். பக்கத்தில் தேநீரும் ரொட்டியும். 1843-இல் அவர் காட்சிக்கு வைத்த வடிவத்தில் அவள் தன்னந்தனி. அதைப் போலவே ஒன்று வேண்டுமென்று கேட்ட ஜான் ஷீப்ஷாங்க்ஸ், அந்தத் தனிமை தாங்க முடியாததாக இருக்கிறது என்றார். 1844 வடிவத்தில் பின்னணியில் வெயிலில் விளையாடும் சிறுமிகள் சேர்ந்தார்கள். கவர்னஸின் துயரத்தைப் பார்க்கவும் வேண்டும், அது சற்று இதமாகவும் இருக்க வேண்டும் என்ற ரசிகமனம் அப்போதே உருவாகிவிட்டதை இங்கே பார்க்கிறோம். காதல் கதை வளர்ந்தது இதே மண்ணில்தான் என்று நினைக்கத் தோன்றுகிறது.

நடந்ததுண்டா?

முதல் பதில் வரலாற்றுக்காரர்களுடையது: இப்படி நடந்திருக்கிறதா என்று பாருங்கள் என்பார்கள். நடந்திருக்கிறது. கவிஞர் ஸ்காரோனின் விதவையான பிரான்ஸ்வாஸ் தோபின்யே, பதினான்காம் லூயிக்கு மோன்தெஸ்பான் சீமாட்டி பெற்ற பிள்ளைகளை வளர்க்க வந்தவர். 1683-இல் அரசி இறந்தபின் மன்னர் அவரை ரகசியமாக மணந்தார். மந்தெனோன் சீமாட்டி என்று உலகம் அறிந்த அவரைக் கடைசிவரை அரசியென்று வெளிப்படையாக அறிவிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் ஒன்று உண்டு. 1926-இல் சால்ஸ்பர்க் மடத்திலிருந்து ஃபான் டிராப் குடும்பத்துக்கு வந்த மரியா, நோயிலிருந்து மீண்ட ஒரே ஒரு மகளுக்குப் பாடம் சொல்லித்தரத்தான் வந்தார். 1927-இல் கேப்டனை மணந்தார். அப்போது தன் மனம் பிள்ளைகளிடம்தான் இருந்தது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதிகம் கற்றுத்தருபவை நிறைவேறாத கதைகள். 1886 ஜனவரியில் பதினெட்டு வயது மரியா ஸ்க்வோதோவ்ஸ்கா வார்சாவுக்கு வடக்கே ஷ்சூகி என்ற ஊருக்குக் கவர்னஸாகப் போனார். சுற்றிலும் பீட்ரூட் வயல்கள், எதிரே சர்க்கரை ஆலை. எஜமானர் ஜொராவ்ஸ்கி அந்தப் பண்ணையை நிர்வகித்தவர். பாரிஸில் மருத்துவம் படித்த அக்காவுக்குப் பணம் அனுப்புவதாக மரியா வாக்குக் கொடுத்திருந்தார். விடுமுறைக்கு வந்த மூத்த மகன் கசிமியெஷ், கணிதம் படிக்கும் மாணவர், அவரை மணக்க விரும்பினார். கவர்னஸையா என்று பெற்றோர் மறுத்துவிட்டார்கள். இதற்குப் பிறகு நடந்ததுதான் எந்தக் காதல் நாவலிலும் வராதது: மரியா வேலையை விடவில்லை. விட முடியவில்லை, அக்காவுக்குப் பணம் போயாக வேண்டும். தன்னை மறுத்த அதே குடும்பத்தின் மேஜையில் 1889 வரை உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார். 1891-இல் பாரிஸ் போனார். பின்னாளில் மேரி க்யூரி ஆனார். கசிமியெஷ் கணிதப் பேராசிரியரானார்.

எலன் வீட்டன் கண்டது வேறொன்று. 1809-இல் விண்டர்மியர் ஏரிக்கரையில் டவ்ஸ் நெஸ்ட் மாளிகைக்கு அவர் வேலைக்குச் சென்றார். அந்த மாளிகையில் காதல் திருமணம் ஏற்கெனவே முடிந்திருந்தது: எஜமானர் பெடர், தன் வீட்டில் பால்வேலை பார்த்த பெண்ணை மணந்திருந்தார். முதல் மனைவியின் மகளுக்குப் பாடம் சொல்வதோடு இந்தப் புது எஜமானிக்கும் படிப்பும் பழக்கவழக்கமும் கற்றுத்தருவது வீட்டனின் பொறுப்பு. கணவரின் குடியையும் கொடுமையையும், போக்கிடம் இல்லாமல் அதைப் பொறுத்துக்கொண்ட மனைவியையும் வீட்டன் கடிதங்களில் பதிந்துவைத்தார். நாவல்கள் திருமணத்தோடு முடிந்துவிடுகின்றன. வீட்டனுக்குக் கதை அங்கேதான் தொடங்கியது.

பிராண்டே குடும்பத்திலேயே மாளிகைக் காதல் என்று பேசப்பட்டது சகோதரரின் கதை. தார்ப் கிரீன் மாளிகையில் கவர்னஸாக இருந்த சார்லட்டின் தங்கை ஆன், அண்ணன் பிரான்வெலுக்கு அங்கேயே ஆசிரியர் வேலை வாங்கிக்கொடுத்தார். 1845 ஜூலையில் பிரான்வெல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். எஜமானி லிடியா ராபின்சனோடு காதல் என்பது அவர் சொன்ன காரணம். மறுஆண்டு லிடியாவின் கணவர் இறந்தபோதும் அந்தப் பெண்மணி பிரான்வெலை ஏற்கவில்லை. 1848-இல் ஒரு சர் பட்டக்காரரை மணந்தார். குடியில் அழிந்த பிரான்வெல் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். எலிசபெத் கேஸ்கெல் 1857-இல் தான் எழுதிய சார்லட்டின் வாழ்க்கை வரலாற்று நூலில் இதைச் சொல்லப்போய், வழக்கு மிரட்டலுக்குப் பின் நூலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. உண்மையில் என்ன நடந்தது என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒருமனதாக இல்லை.

மொத்தத்தில், எஜமானரை மணந்த கவர்னஸ்கள் மிக அரிது என்பதே கேத்ரின் ஹ்யூஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் தரும் சித்திரம். ஆனால் அரிது என்பதோடு இந்தப் பதில் தீர்ந்துவிடுகிறது. அரிதானதை ஏன் இத்தனை பேர் இத்தனை காலம் விரும்பிப் படிக்கிறார்கள் என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

எலிசபெத் ரிக்பியின் கோபம்

இரண்டாவது பதில் ஒழுக்கவாதிகளுடையது. அதன் வேர் 1740-இல் சாமுவேல் ரிச்சர்ட்சன் எழுதிய ‘பமேலா’ வரை போகிறது. எஜமானரின் தொல்லைகளுக்கு இணங்காத பணிப்பெண் கடைசியில் அவர் மனைவியாகும் கதை அது. இது கற்பின் வெற்றியா, கெட்டிக்கார வலைவீச்சா என்று அப்போதே சண்டை மூண்டது. ஹென்றி ஃபீல்டிங் 1741-இல் ‘ஷமேலா’ எழுதி இரண்டாவது கட்சிக்குக் கொடிபிடித்தார்.

1848 டிசம்பரில் ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ இதழில் எலிசபெத் ரிக்பி மூன்று நூல்களைச் சேர்த்து மதிப்புரை எழுதினார்: தாக்கரேயின் ‘வேனிட்டி ஃபேர்’, ‘ஜேன் அயர்’, கவர்னஸ் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை. இந்தச் சேர்க்கையே ஒரு வாதம். கவர்னஸ் பிறப்பிலும் படிப்பிலும் நமக்குச் சமமானவள், குறைவு பணத்தில் மட்டுமே என்பதை அவர் மனதார ஏற்றார். ஆனாலும், சமமானவள் என்பதாலேயே அவளைத் தள்ளிவைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடும்ப ஒழுங்கு குலையும் என்றார். ஜேனின் தன்மானம் அவருக்குக் கடவுள் வகுத்த நிலைமேல் கொண்ட அதிருப்தியாகப் பட்டது. மாளிகைப் பெண்களிடம் இந்த அச்சம் பரவலாக இருந்தது. 1847 ஆகஸ்டில் பாரிஸில் பிராலின் பிரபு தன் மனைவியைக் கொன்றபோது நாடே கவர்னஸ் ஆன்ரியெத் தெலுசியை நோக்கிக் கைநீட்டியது. சிறைவைக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட அவர் அமெரிக்காவுக்குப் போய் ஒரு பாதிரியாரை மணந்தார்.

ரிக்பி நாவலைச் சரியாகவே படித்தார் என்று ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்: அதற்குள் கலகம் இருக்கிறது. அவர் கணக்கில் வராதது ஜேன் ஓடிப்போவது. எஜமானரை வளைத்துப்போடத் திட்டமிடுபவள் ‘வேனிட்டி ஃபேர்’ நாவலின் பெக்கி ஷார்ப்; எஜமானர் சர் பிட் மண்டியிட்டுக் கேட்கும்போது தான் அவர் மகனை ஏற்கெனவே மணந்துவிட்டதை நினைத்து அழுபவள். ஜேனோ எல்லாம் கைகூடும் நேரத்தில் விடியுமுன் கதவைத் திறந்துகொண்டு வெளியேறுகிறாள்.

எழுபதுகளின் மறுவாசிப்பு

1970-களில் விவாதம் திசைமாறியது. ஏட்ரியன் ரிச் 1973-இல் எழுதிய கட்டுரையில், ஜேன் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சலனத்தை மறுத்து வளர்கிறாள், கடைசித் திருமணம் சரணாகதி ஆகாது என்று வாதிட்டார். 1975-இல் டெரி ஈகிள்டன் மார்க்சிய நோக்கில் நேரெதிராகச் சொன்னார்: புதுப் பணக்கார வர்க்கத்தின் முயற்சியையும் பழைய நிலவுடைமையின் அந்தஸ்தையும் கற்பனையில் சமரசம் செய்துவைக்கும் புராணம் இது, கலகக்காரிக்கு மரியாதைக்குரிய இடம் கிடைக்கிறது, அமைப்பு அசையவில்லை. 1979-இல் சாண்ட்ரா கில்பர்ட், சூசன் குபர் இருவரும் மாடியறையில் அடைபட்ட, எஜமானர் ரோச்செஸ்டரின் மனைவி பெர்த்தாவை ஜேனின் அடக்கிவைத்த கோபமாகப் படித்தார்கள். மேரி பூவி 1988-இல் அந்த 25,000 கவர்னஸ்கள் மீது இவ்வளவு பதற்றம் ஏன் என்று கேட்டார். கூலிக்கு வேலைசெய்யும் பெண்ணுக்கும் அன்பால் வளர்க்கும் தாய்க்கும் நடுவே சமூகம் போட்டிருந்த கோடு கவர்னஸிடம் அழிந்துபோகிறது என்பது அவர் விடை. இவற்றில் மிகக் கூர்மையானது பூவியின் விடை என்றே படுகிறது. ஆனால் அதில் கவர்னஸ் ஒரு அடையாளமாகிவிடுகிறாள். சம்பளம் வாங்கும் கை கண்ணிலிருந்து நழுவுகிறது.

அந்தக் கையை நாவலே காட்டுகிறது. சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க ஜேன் விடுப்புக் கேட்கிறாள். ரோச்செஸ்டர் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி 15 பவுண்டு. அவர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். தனக்குச் சேர வேண்டியதற்கு மேல் வாங்க மறுக்கிறாள். சில்லறை இல்லை. கடைசியில் 10 பவுண்டு வாங்கிக்கொண்டு, இன்னும் 5 பவுண்டு நீங்கள் எனக்குத் தர வேண்டும் என்ற கணக்கோடு போகிறாள். நிச்சயதார்த்தத்துக்குப் பின்பும் இதே பிடிவாதம்: பட்டும் நகையும் வேண்டாம், சிறுமி அடேலுக்குப் பாடம் சொல்லி ஆண்டுக்கு 30 பவுண்டு சம்பாதித்துக்கொண்டே இருப்பேன் என்கிறாள். விமர்சகர்கள் மாடியறையைப் பற்றி எழுதியதில் பத்தில் ஒரு பங்குகூட இந்தக் காட்சிகளைப் பற்றி எழுதவில்லையே என்ற ஆதங்கம் எழுகிறது. இந்தக் காதலின் நாணயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. தன் கூலியைத் தனியே வைத்திருக்கிறவளால்தான் போகிறேன் என்று சொல்ல முடிகிறது.

யாருடைய பணம்?

அந்தப் பணத்தின் ஊற்றைக் கேட்டவர்கள் வேறு கண்டங்களிலிருந்து வந்தார்கள். டொமினிகாத் தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966-இல் ‘வைட் சர்காசோ ஸீ’ நாவலில் பெர்த்தாவுக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். கொல்கத்தாவில் பிறந்த காயத்ரி சக்கரவர்த்தி ஸ்பிவாக் 1985 கட்டுரையில், ஜேன் தனி மனுஷியாக உயர்வதற்கு ஜமைக்காப் பெண் ஒருத்தி வீட்டுக்குத் தீவைத்துச் சாக வேண்டியிருந்தது என்று காட்டினார். ரோச்செஸ்டர் அந்தத் திருமணத்தில் பெற்ற சீதனம் 30,000 பவுண்டு. ஜேனுக்குக் கிடைக்கும் 20,000 பவுண்டும் மடீராவில் வணிகம் செய்த சித்தப்பாவின் சொத்து. இந்தியாவும் கதையில் வருகிறது: மதப்பணிக்கு வரச்சொல்லி உறவினர் செயின்ட் ஜான் அழைக்கிறார், ஜேன் இந்துஸ்தானி படிக்கிறாள்.

சூசன் மேயர் போன்றவர்கள், நாவல் அடிமைமுறையின் சொற்களைக் கொண்டே ஆண் ஆதிக்கத்தைக் கண்டிக்கிறது, எனவே அதன் நிலை இரட்டைத்தன்மை கொண்டது என்கிறார்கள். நியாயமான திருத்தம். ஆனாலும் ஸ்பிவாக்குக்குப் பிறகு அந்த மாடியறையைத் தாண்டி யாரும் பழையபடி நடந்துபோக முடியவில்லை.

இனிப்பான வடிவம்

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கதை தனி வகையாகவே ஆனது. மேரி ஸ்டீவர்ட் (1958) அதை பிரான்ஸின் மலைக்கோட்டைக்குக் கொண்டுபோனார். விக்டோரியா ஹோல்ட் 1960-இல் எழுதிய ‘மிஸ்ட்ரஸ் ஆஃப் மெலின்’ கார்ன்வால் மாளிகையில் நடக்கிறது. ஜார்ஜெட் ஹேயரின் ‘தி நான்சச்’ (1962) யார்க்‌ஷயரில். இன்று ‘இனிய காதல்’ என்று விற்கப்படும் கதைகளில் முத்தத்தோடு எல்லாம் நின்றுவிடும். குழந்தைகளே தூது போவார்கள்.

ஜானிஸ் ராட்வே 1984-இல் அமெரிக்க வாசகிகளிடம் நேரில் கேட்டு எழுதினார். நாளெல்லாம் பிறரைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள், ஒருத்தி கவனிக்கப்படும் கதையைத் தேடுகிறார்கள். புத்தகத்தைத் திறக்கும் நேரம் அவர்களுக்கே உரியது. அந்த ஆறுதல் வீட்டு நிலைமையை மாற்றுவதில்லை என்ற கவலையும் அவருக்கு உண்டு. பமேலா ரெஜிஸ் 2003-இல் இதை மறுத்தார்: நாயகி தடைகளைத் தாண்டி விடுதலை பெறும் கதையை அடிமைத்தனம் என்று எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி. வாசகிகளை ஏமாளிகளாகக் கருதாத இருவருமே மதிப்புக்குரியவர்கள். ஆனால் இருவருமே திருமணம் என்ற முடிவின் மீதே கண்வைக்கிறார்கள். இனிய வடிவங்கள் பலவற்றில் காணாமல் போவது வேறு: சம்பளம் எவ்வளவு, வெளுப்புக்கு எவ்வளவு பிடித்தார்கள், வேலை போனால் எங்கே தங்குவாள் என்பவை. கண்ணியம் பேணுவது இந்தக் கதைகளின் குறையாகாது. இந்த விவரங்களை உதறுவதே குறை.

எது முடிவாகவில்லை

கூலிக் கணக்கைப் பற்றி மேலே சொன்ன வாதத்துக்குச் சட்டத்திலிருந்து ஒரு கடுமையான மறுப்பு உண்டு. 1870, 1882 ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்கள் வரும்வரை, தனி ஏற்பாடு செய்துகொள்ளாத மனைவியின் பணம் கணவனுக்கே சேர்ந்தது. ஜேன் சித்தப்பாவின் சொத்தைப் பங்கிட்டது போக வைத்துக்கொண்ட 5,000 பவுண்டும் திருமணத்தன்றே ரோச்செஸ்டருடையதாகியிருக்கலாம். நாவல் இதைப் பற்றி வாய்திறக்கவில்லை. ஆகவே அந்தச் சமத்துவம் சட்டத்தில் இருந்ததல்ல, இருவரின் மனத்தில் இருந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். அது போதுமா என்பதில் ரிச்சின் வாசிப்பும் ஈகிள்டனின் வாசிப்பும் இன்றும் எதிரெதிர்ப் பக்கங்களில்தான் நிற்கின்றன.

வேலைபார்த்த கவர்னஸ்கள் இந்தக் கதைகளை எப்படிப் படித்தார்கள் என்பதும் தீராத கேள்வி. அவர்களுக்கு நேரம் குறைவு, கடிதங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வீட்டன் தன் கடிதங்களைப் படியெடுத்துவைத்த ஏடுகளேகூட 1925-இல் விகன் நகரத்துப் பழைய சாமான் கடையொன்றில் எட்வர்ட் ஹால் என்பவர் கண்ணில் பட்டதால்தான் அச்சேறின. இன்னும் ஏடுகள் கிடைத்தால் இந்த விவாதத்தின் போக்கு மாறலாம்.

அதுவரை, ‘ஜேன் அயர்’ படித்தவர்கள் தங்கை ஆன் எழுதிய ‘ஆக்னஸ் கிரே’யையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதே 1847 டிசம்பரில் வந்த நாவல். ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இந்த வேலையைப் பார்த்தவர் எழுதியது. அதில் மாளிகைக்கு எஜமானியாவது கவர்னஸ் ஆக்னஸ் இல்லை, அவள் பாடம் சொல்லிக்கொடுத்த ரோசலி. ஆஷ்பி பார்க்கில் அவள் படும் துன்பத்தை ஆக்னஸ் நேரில் போய்ப் பார்க்கிறாள். ஆக்னஸ் தாயோடு சேர்ந்து சொந்தமாகப் பள்ளி நடத்துகிறாள்; அதன் பிறகே, சம்பாதிக்கும் பெண்ணாக, தனக்குப் பிடித்த ஓர் எளிய பாதிரியாரை மணக்கிறாள்.